பொதுவில் போட்டால் சட்டம் விலகிக்கொள்ளும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அதையொட்டி வரும் வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே நம்பிக்கைதான்: ‘என்றோ இணையத்தில் எழுதியதை யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள், இனி என் ஒப்புதல் இல்லாமல் வைத்திருக்க முடியாதல்லவா?’ முடியும். தரவின் மீதான அதிகாரம் குடிமக்கள் கைக்கு வருகிறது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். செயலியில் பதிவுசெய்யும்போது கொடுத்த விவரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பொதுவெளியில் எழுதியதற்குப் பொருந்தாது.

காரணம் 3ஆம் பிரிவு. ஒருவர் தானே பொதுவில் வைத்த தன் தரவுக்கு இந்தச் சட்டமே கிடையாது என்கிறது அது. எடுத்துக்காட்டும் சட்டத்திலேயே இருக்கிறது: தன் கருத்துகளை எழுதும் ஒருவர், தன்னைப் பற்றிய விவரங்களைச் சமூக ஊடகத்தில் எல்லோரும் பார்க்க வைக்கிறார், அவருக்கு இங்கே பாதுகாப்பு இல்லை. ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்பதோடு இது முடிவதில்லை. அழிக்கச் சொல்லும் உரிமை, தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடும் வழி எல்லாமே சேர்ந்து போகின்றன. இத்தனைக்கும் ஆவணக் காப்புக்கும் ஆய்வுக்கும் 17ஆம் பிரிவில் தனி விலக்கு உண்டு, அதுவும் நிபந்தனைகளோடு: சேமித்த தரவைக்கொண்டு எந்தத் தனிநபரைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது, இந்தச் சட்டத்துக்கான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் உள்ள நெறிகளைப் பின்பற்ற வேண்டும். வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டாமல் விட்ட கதைதான். பொதுப் பதிவுகளை மட்டும் அள்ளுபவர் 17ஆம் பிரிவின் பக்கமே வர வேண்டியதில்லை. அவர் நூலகமா, செயற்கை நுண்ணறிவுக்குத் தீனி தேடும் நிறுவனமா என்று சட்டம் கேட்பதும் இல்லை.

ஆனால், ‘தானே வைத்த’ என்ற நிபந்தனையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய நண்பர்களின் சந்திப்பைப் பற்றி ஒருவர் பொதுவில் எழுதுகிறார். வர முடியாமல்போனவரின் நோயைப் பெயரோடு குறிப்பிடுகிறார். எழுதியவரின் விவரம் சட்டத்துக்கு வெளியே. நோயாளியின் விவரத்தை அவரே வெளியிடவில்லை என்பதால் அது சட்டத்துக்கு உள்ளே. இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. லட்சக்கணக்கான பக்கங்களை நகலெடுக்கும் மென்பொருள் எந்த வரி யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டால் காப்பகமே இருக்காது என்பார்கள். உண்மைதான். 2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற இணையதளச் சேவையை மூடியபோது, ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் யாரிடமும் கேட்காமல் முடிந்தவரை நகலெடுத்தார்கள்; அனுமதிக்குக் காத்திருந்தால் கெடு முடிந்திருக்கும். ஆனால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது வேறு, பின்னால் ஒருவர் வந்து ‘என்னுடையதை எடுத்துவிடுங்கள்’ என்றால் காது கொடுப்பது வேறு. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவில் இருக்கும் தரவையும் தன் வரம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. நீக்குவது பொதுநலக் காப்பகத்தின் நோக்கத்தையே கடுமையாகப் பாதிக்கும் என்றால் மறுக்க இடம் தருகிறது. நம் 17ஆம் பிரிவும் அந்த வேலைக்குப் போதும். காப்பகங்களைக் காக்க 3ஆம் பிரிவின் விலக்கு இவ்வளவு அகலமாக இருக்கத் தேவையில்லை. அதனால் கூடுதல் ஆதாயம் காப்பகம் அல்லாதவர்களுக்கே.

மற்ற கேள்விகள்:

மூன்றாண்டு தொடாத கணக்கு? இந்தியாவில் 2 கோடிப் பயனர்களுக்குக் குறையாத சமூக ஊடகங்கள், 48 மணி நேரம் முன்பே தகவல் சொல்லிவிட்டு அதிலுள்ள தனிநபர் தரவை அழிக்க வேண்டும்.

ஒப்புதலைத் திரும்பப் பெற்றால்? ஒப்புதலின் பேரில் கொடுத்த தரவுக்கு மட்டும் செல்லும். அதுவரை நடந்தது செல்லாததாகிவிடாது.

நண்பர்களுக்கு மட்டும் போட்டது? பொதுவில் வைத்ததாகாது என்று வாதிடலாம். எது ‘பொது’ என்று சட்டம் வரையறுக்கவில்லை.

பதிப்புரிமை? எழுத்து உங்களுடையதுதான், அதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடியுங்கள்.