உஷார்! பெட்டிக்குள் ஈரம்

பினாங்கில் கூரைமேல் சோலார் பலகை போட்டிருப்பவர்களே, பலகையை அண்ணாந்து பார்த்தது போதும். கீழே சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரை உடனே போய்ப் பாருங்கள். துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலா? கடல்காற்று நேரே வந்து மோதும் சுவரிலா? அப்படியென்றால் உஷார்!

இது காற்றாலைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். காற்றாலையில் கன்வெர்ட்டர் என்றோர் அலமாரி உண்டு. காற்றோடு ஏறி இறங்கும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டித்து இணைத்து, மின்தொடரமைப்புக்கு ஒத்துவரும்படி மாற்றித் தருவது அதன் வேலை. வீட்டு இன்வெர்ட்டர் அதற்குத் தம்பி. அந்த அலமாரி அடிக்கடி பழுதானபோது பொறியாளர்கள் சூட்டைத்தான் சந்தேகித்தார்கள். ஓடும்போது சூடேறி, நின்றால் ஆறி, உள்ளே பற்றவைத்த நுண்கம்பிகள் நாளடைவில் விட்டுப்போகின்றன என்று நினைத்தார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வாளர்கள் பல நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காற்றாலைகளின் பழுதுக் கணக்கைப் புரட்டி 2019இல் சொன்னது வேறு. முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில்தான் பழுதும் கூடியிருந்தது.

காற்று ஓய்ந்தால் அலமாரி ஆறிவிடும். உள்ளே புகுந்த ஈரக்காற்று மின்பலகையில் நீராகப் படியும். உப்பும் தூசியும் சேர்ந்துகொண்டால், போகக்கூடாத வழியில் மின்சாரம் கசியும். சில்லுகளை மூடியிருக்கும் சிலிக்கோன் கூழ் நீராவியை உள்ளே விட்டுவிடும். காயுமுன் முழு மின்னழுத்தம் ஏற்றினால் சில்லு வெடித்தே போகலாம். அதனால்தான் அலமாரிக்குள் ஹீட்டர் வைத்து, உலர்த்திய பிறகு ஓட்டச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் முப்பந்தலில் அந்தக் காலத்தில் நிறுத்திய சிறு காற்றாலைகள் பலவற்றில் இந்த அலமாரியே கிடையாது. அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரியவை நிறுத்துவோர், காற்று குறைந்து மழை பிடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் ஹீட்டர் ஓடுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் தீவில் காற்றாலை ஓட்டக் காற்று போதாது. ஈரத்துக்கோ பஞ்சமில்லை, ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இன்வெர்ட்டரும் ஒவ்வோர் இரவும் ஓய்ந்து ஆறுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதை நம்மைவிட நன்றாக அறிந்த ஊர் இல்லை. 1972 முதல் சில்லு ஆலைகள் நிறைந்த பாயான் லெப்பாசில், சில்லை ஈரம் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி, ஈரம் பட்டால் நிறம் மாறும் அட்டையும் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பை திறந்து நேரம் கடந்தால் அடுப்பில் உலர்த்தாமல் பொருத்த மாட்டார்கள். அங்கே வேலை முடிந்து வருபவர் வீட்டிலும் இன்வெர்ட்டர் வாஷிங் மெஷினுக்கு மேலேதான் தொங்குகிறது!

‘ஐபி 65’ என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்பீர்கள். அது பீய்ச்சும் தண்ணீருக்கும் தூசிக்கும் காவல். கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருந்தால் ஈரக்காற்றும் எறும்பும் தாராளமாய் நுழையும்.

விடியற்காலையில் சிவப்பு விளக்கு எரிந்து, வெயில் ஏறியதும் தானே பச்சையாகிறதா? ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ஒயரிலோ இணைப்பிலோ பெட்டியிலோ எங்கோ ஈரம் இறங்கி, இன்சுலேஷன் பலவீனமாகியிருக்கலாம். பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம்: மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும், உள்ளிருக்கும் கெப்பாசிட்டரோ எல்லாம் அணைத்த பிறகும் சில நிமிடம் ஷாக் அடிக்கும்.