குவித்தலும் பொருத்துதலும்

தனவந்தர் பலர் சித்திரங்களையும் ஆசனங்களையும் வாங்கிக் குவிக்கின்றனர். குவித்தல் பணத்தின் காரியம். பொருத்துதல் ரசனையின் காரியம். இவ்வித்தியாசத்தை அறிய விரும்புவோர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்னும் சீமாட்டி 1903-ம் வருஷத்தில் திறந்துவைத்த கலாமாளிகையை நோக்குவாராக.

இத்தாலியச் சித்திரகாரர் டிஷியன் தீட்டிய ‘யுரோப்பா’ படத்தின் கீழே அவ்வம்மையார் தொங்கவிட்டது, தாம் உடுத்த அங்கியிலிருந்து எடுத்த பட்டேயாம். சிலுவை சுமக்கும் கிறிஸ்துவின் சிறு படத்தின் முன் வெள்ளிக் கிண்ணத்தில் வயலெட் மலர்களை வைத்தார். வெர்மீரின் ‘கச்சேரி’ என்னும் படத்தை ஜன்னலருகே மேஜைமீது நிறுத்தி, எதிரே நாற்காலி ஒன்றை இட்டார். படமும் பட்டும் மேஜையும் ஒன்றையொன்று பேசவைத்தன.

1924-ல் காலமான அம்மையார், இவ்வமைப்பை மாற்றலாகாதென்று மரணசாஸனத்தில் விதித்தார். மாண்டோர் கை வாழ்வோரைக் கட்டுவது நியாயமா? சட்டம் பயின்ற நாம் பொதுவாக இதை ஒப்புவதில்லை. எனினும் 1990-ல் திருடர் புகுந்து ‘கச்சேரி’ உட்பட 13 பொருள்களைக் கவர்ந்தனர். அவை இன்றளவும் மீளவில்லை. வெறுஞ்சட்டங்கள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. அவ்வெறுமையைக் காண்போர்க்கு, பொருளின் பெருமையில் இடத்துக்கும் பங்குண்டு என்பது தெற்றென விளங்கும்.

ஆதலின் கலைப்பொருள் சேர்ப்போர்க்கு நாம் கூறுவது இதுவே: விலையை விசாரிக்குமுன், அப்பொருள் எதன் அருகே அமரும் என்பதைச் சிந்தியுங்கள். அது தெரியாதவன் வீடு கலாசாலையன்று, கிடங்கே.