இனாமாகக் கொடுத்ததற்கு விலையும் கேட்கலாமா?

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புளி மண்டிக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதி, மூலநிரலோடு ஊருக்கெல்லாம் இனாமாக விட்டுவிட்டார். சில வருஷம் கழித்து ஒரு பெரிய கம்பெனி வருகிறது. "எங்கள் சரக்கோடு சேர்த்து இதை விற்க வேண்டும், என்ன விலை?" என்கிறது. இனாமாகக் கொடுத்ததற்குக் காசு கேட்பது நியாயமா என்று இளைஞர் மலைக்கிறார்.

தாராளமாகக் கேட்கலாம். அவர் கொடுத்தது அனுமதியைத்தான், பாத்தியதையை அல்ல. 'ஜி.பி.எல்.' என்ற உரிமத்தில் வந்த நிரலை யாரும் உபயோகிக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதைச் சேர்த்துச் செய்த சரக்கை வெளியே விட்டால், மூலநிரலையும் அதே நிபந்தனையோடு கொடுத்தாக வேண்டும். தொழில் ரகசியம் காக்கும் கம்பெனிக்கு அது கசக்கும். ஆகவே ஆசிரியரிடம் வேறோர் உரிமத்தை விலைக்கு வாங்குகிறது.

ஸ்வீடன் தேசத்து 'மைஎஸ்கியூஎல்' கம்பெனி இப்படித்தான் பிழைத்தது. (ஸ்தாபகர்களில் ஒருவர் தம் மகள் 'மை'யின் பெயரையே நிரலுக்கும் வைத்தார்!) 2008-ல் அதை 'சன்' கம்பெனி சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிற்று. வெளியார் திருத்தங்களுக்கு உரிமை எழுதி வாங்கிக்கொண்டே அவர்கள் சேர்த்தார்கள். சாமர்த்தியமெல்லாம் அங்கேதான் இருந்தது.

ஏனென்றால், பிறர் எழுதிச் சேர்த்த வரி பிறருடையதே. வீடியோ காட்டும் 'வி.எல்.சி.' நிரலின் உள்பாகத்தை மற்றவர்களும் தங்கள் சரக்கில் எளிதாகச் சேர்க்கட்டும் என்று உரிமத்தை மாற்ற முனைந்தார்கள். 2011, 2012-ஆம் வருஷங்களில், என்றோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியதாயிற்று. அப்படியும் சில பகுதிகள் பழைய உரிமத்திலேயே நின்றுவிட்டன.

நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். கம்பெனிப் பத்திரத்தில் இவ்விரண்டையும் முதலில் பாருங்கள். சம்பள உத்தியோகத்தின் வேலையாக எழுதியதானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பாத்தியதை முதலாளிக்கே!

நம் இளைஞருக்கு அரூரிலிருந்து ஒரு நண்பர் நாற்பது வரி திருத்தம் அனுப்பியிருந்தால், கம்பெனிக்குப் பதில் சொல்லுமுன் அரூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். நண்பர் மறுத்தால் அந்த நாற்பது வரியையும் நீக்கிவிட்டுத் தாமே புதிதாக எழுதிக்கொள்ளலாம். முன்பு இனாமாக விட்ட பிரதியை மட்டும் யாரிடமிருந்தும் திருப்பிக் கேட்க முடியாது.