சுதந்தரத்திற்காகக் காத்திருந்தவன்



ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளை நம்பி ஆனேக்கல் பகுதிக்குக் குடியேறிய நம்மில் அநேகருக்கு ஒரு வாஞ்சை உண்டு: பிள்ளைகளுக்கென்று ஒரு சைட்டாவது வாங்கி வைக்க வேண்டும். நல்ல வாஞ்சையே. ஆனால் சொத்து மட்டும் போதுமா?

அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1922-இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் அண்ட் டேம்ட்' நாவலில் அந்தோணி பேட்ச் என்னும் வாலிபன் வருகிறான். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவன்; பாட்டனாரோ பெருஞ்செல்வர். ஹார்வர்டில் படித்தும் அவன் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. சரித்திர நூல் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே, பாட்டனாரின் ஆஸ்திக்காகக் காத்திருந்தான். காத்திருந்த நாட்களை மதுவும் கேளிக்கையும் நிரப்பின. ஓரிரவு, குடிவெறியின் நடுவே, மதுவை வெறுத்த பாட்டனார் முன்னறிவிப்பின்றி வந்து நின்றார். பின்னர் அவர் மரித்தபோது, உயிலில் பேரனுக்கு ஒன்றுமில்லை.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. முடிவில் வென்றான், சுமார் 3 கோடி டாலர் கிடைத்தது. அதற்குள் புத்தி பேதலித்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கெட்ட குமாரனும் ஆஸ்தியை அழித்தவன்தான். ஆனாலும் பஞ்சத்தில் புத்தி தெளிந்து, தகப்பனிடத்திற்கு எழுந்து போனான். அந்தோணியோ வறுமையிலும் மனந்திரும்பவில்லை, தீர்ப்பையே எதிர்பார்த்திருந்தான். அவனைக் கெடுத்தது பணம் மட்டுமல்ல, உழைக்காமல் காத்திருந்த காலமும்தான்.

பெற்றோரே, இரவு ஷிப்டு பார்த்து நாம் சேர்ப்பதைப் பிள்ளைகள் அறியட்டும். வீட்டு வேலையிலும் சபை ஊழியத்திலும் அவர்கள் கைகள் பழகட்டும். நீதிமொழிகள் 20:21-ஐ இன்றிரவு குடும்ப ஜெபத்தில் சேர்ந்து வாசியுங்கள்.

கர்த்தர் தாமே நம் சந்ததியைக் காப்பாராக. ஆமென்.