ஷ்ஷ்... பிஸ்கட் தூங்குது!

வாரக்கணக்கில் ஒரு வாய் சாப்பிடாது. நாள் முழுக்க அசையாது. தொட்டால் சில்லென்று இருக்கும். அப்படியும் அது முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்! தாடி ஓணானின் குளிர்கால உறக்கத்தைப் பற்றி அண்ணன் மகள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூலை மாதம் மெல்போர்னில் அவர்கள் வீட்டுக்குப் போய் இறங்கியதும், காபியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே அந்த அறைக்குத்தான் ஓடினேன்.

“அத்தை, மெதுவா! பெரிய லைட்டைப் போட்டுடாதீங்க. பிஸ்கட் தூங்குது!”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்தான் இந்த வீட்டில் ஓணான் இலாகாவின் முழுப் பொறுப்பாளர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நடக்கிற அத்தனை வேலைகளையும் பார்த்துவிட்டேன். வாருங்கள், உங்களையும் கூட்டிப்போகிறேன்!

பிஸ்கட் யார்?

மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அரை மீட்டர். மணல் நிறம். தொண்டையைச் சுற்றி முள்முள்ளாக ஒரு தாடி. கோபம் வந்தால் அந்தத் தாடி உப்பிக் கறுத்துவிடும்; தன்னைவிடப் பெரியதைக் கண்டால் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பணிவு காட்டும். உயிரியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். பிறந்த மண் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. நம்மூர் வேலியில் தலையாட்டுகிற ஓணானும் இதுவும் ஒரே அகாமிடே குடும்பம் என்று தெரிந்தபோது, எனக்கு ஏதோ ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்!

இதை யார் வேண்டுமானாலும் பிடித்து வந்து வளர்த்துவிட முடியாது. விக்டோரியா மாநிலத்தில் அதற்கு உரிமம் வேண்டும். காட்டில் இருப்பதைத் தொடக் கூடாது. தன் நாட்டு ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாகத் தடைசெய்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் வளர்கிற தாடி ஓணான்கள் எல்லாம் அங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் உடம்புக்குள் இருக்கிற நாள்காட்டி அதனோடேயே போகிறது. குளிர்காலம் வந்தால் பலவற்றுக்குக் கண் சொக்கத் தொடங்கிவிடும்.

உறக்கத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஏற்பாடு

உள்நாட்டுக் காடுகளில் குளிர் இறங்கியதும் இவை சருகுக்கு அடியிலோ மண் வளைக்குள்ளோ ஒடுங்கிவிடும். கால்நடை மருத்துவர்கள் ப்ருமேஷன் என்று சொல்கிற இந்த உறக்கத்தில் இதயத் துடிப்பு தணியும், மூச்சு மெதுவாகும், பசி அடங்கிவிடும். இடையில் எப்போதாவது எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும்.

வீட்டில் இதற்கான வேலை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. முதல் காரியம், எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவது. வயிற்றில் ஒட்டுண்ணி இருந்தால் உறங்க அனுமதி கிடையாது. உடம்பு மெலிந்திருந்தால் கிடையாது. ஒரு வயது நிரம்பாத குட்டியை உறங்கவைக்க முயலவும் கூடாது. அதற்குச் சேமிப்பு போதாது.

அடுத்தது வயிற்றைக் காலி செய்வது. எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது இதுதான். தாடி ஓணானின் செரிமானம் முழுக்க முழுக்க வெளிவெப்பத்தை நம்பியிருக்கிறது. வெயில் காய்கிற கல்லின் மேல் கிட்டத்தட்ட 40 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் தின்ற மரக்கரப்பானும் கீரையும் செரிக்கும். வயிற்றில் உணவு இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகத் தொடங்கும். அதனால் முதலில் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், விளக்கை நிறுத்துவதில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் வெப்பம் அப்படியே தொடர்கிறது. வயிறு காலியானது உறுதியான பிறகுதான் விளக்கு எரியும் நேரம் படிப்படியாகக் குறைகிறது, வெப்பமும் இறங்குகிறது.

அறையில் பெரிய விளக்கு போடக் கூடாது என்றாளே, அதற்கும் காரணம் இருக்கிறது! தாடி ஓணானின் உச்சந்தலையில் ஒரு சின்னப் புள்ளி உண்டு. அது மூன்றாவது கண். அதில் வில்லையும் இருக்கிறது, விழித்திரையும் இருக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் தெரியும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கிடந்தாலும், நீங்கள் சுவிட்சைத் தட்டியது உச்சந்தலைக்குத் தெரிந்துவிடும்!

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 2016இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரான் குழுவினர் தாடி ஓணான்களின் அன்றாட இரவுத் தூக்கத்தைப் பதிவுசெய்தார்கள். மனிதருக்கு இருப்பதுபோலவே அதிலும் ஆழ்ந்த தூக்கமும், கண் துடிக்கிற தூக்கமும் மாறி மாறி வந்தன. நமக்கு ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். அதற்குச் சுமார் 80 நொடி! இதற்கும் குளிர்கால உறக்கத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் அந்தச் சின்னத் தலைக்குள் ஒவ்வோர் இரவும் இவ்வளவு நடக்கிறது என்று தெரிந்தபின், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்காமல் எப்படி இருக்க முடியும்?

ஓணானுக்குத் தராசு சாட்சி

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த வீட்டில் ஓணானுக்குச் சாட்சி, சமையலறைத் தராசு. ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் மகள் துண்டோடு பிஸ்கட்டைத் தூக்கித் தட்டில் வைப்பாள். எண்ணை அண்ணி உரக்கப் படிப்பார். அது கோடு போட்ட நோட்டில் ஏறும். சரியாக உறங்குகிற ஓணானின் எடை மிகக் கொஞ்சமாகத்தான் குறையும். தொடங்கியபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் உறக்கத்தைக் கலைத்து டாக்டரிடம் போக வேண்டும்.

நோட்டில் எடைக்குப் பக்கத்தில் வேறு கட்டங்களும் இருந்தன. கண் குழிந்திருக்கிறதா? நெற்றிக்கு மேலுள்ள கொழுப்புத் திட்டுகள் உள்வாங்கியிருக்கின்றனவா? மூக்கில் சளிக் குமிழி உண்டா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? கால் நடுங்குகிறதா? எச்சம் இருந்தால் அதிலுள்ள வெள்ளைப் பகுதி மிருதுவாக இருக்கிறதா, மஞ்சளாக இறுகியிருக்கிறதா? மஞ்சளாக இறுகியிருந்தால் உடம்பில் நீர் குறைகிறது என்று பொருள். பெண் ஓணானாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும்: வயிற்றில் முட்டை தங்கியிருக்கிறதா? இணை சேராமலேயே முட்டை உருவாகும். அது வெளியேறாமல் தங்கிவிட்டால் ஓணான் சோர்ந்து கிடக்கும். பார்க்கிறவர்களோ உறக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கட்டங்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? உறக்கமும் நோயும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் சாப்பிடாது, இரண்டிலும் அசையாது. ஆனால் தேவைப்படுகிற மருந்து நேர் எதிர். உறங்குகிறதற்குக் குளிர் வேண்டும். நோயுற்றதற்கு வெப்பம் வேண்டும். ஊர்வனவற்றின் நோய் எதிர்ப்பே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது. 1975இல் மாத்யூ க்ளூகர் குழுவினர் அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியா தொற்றை உண்டாக்கி, 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். சூட்டில் இருந்தவை அதிகம் பிழைத்தன; குளிர்ந்த இடத்தில் இருந்தவை அதிகம் மடிந்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. அவை வெயிலில் போய் உட்கார்ந்து காய்ச்சலைத் தேடிக்கொள்கின்றன! வீட்டில் வளர்கிற ஓணானுக்கு அந்த வெயிலின் சுவிட்ச் நம் கையில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நான் அங்கே இருந்தபோதே அது நடந்தது. ஜூன் தொடக்கத்தில் 430 கிராம் இருந்த பிஸ்கட் தராசில் 391 காட்டியது. முந்தைய வாரம் 424. பெட்டியில் காகிதம் நனைந்திருந்தது. எச்சம் தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்தோடு. அண்ணன் மகள் ஒரு நொடி நோட்டைப் பார்த்தாள். பிறகு, “அப்பா, லைட்டைப் போடுங்க. எழுப்பிடலாம்!” என்றாள். அழவில்லை, பதறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றே வெப்பம் மெல்ல மெல்ல ஏறியது. மறுநாள் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, மூடிய பெட்டிக்குள் வைத்து, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனோம். வாலின் அடிப்பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து சில துளி ரத்தம் எடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார். எச்சத்தை நுண்ணோக்கியில் வைத்து, எங்களையும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டேன்! மெல்லிய ஓட்டுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள். காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி.

மார்ச் மாதச் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை? இந்த உருண்டைகள் எல்லா நாளும் எச்சத்தில் வெளியேறுவதில்லை என்று டாக்டர் விளக்கினார். ஒருமுறை சுத்தம் என்று வந்தால் அன்றைய எச்சத்தில் இல்லை என்று மட்டுமே பொருள். இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

மருந்து எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு வாய்வழியே. ஆனால் முதலில் வெப்பம், பிறகுதான் மருந்து. குளிர்ந்த உடம்பில் மருந்து சரியாக வேலை செய்யாது. பாதி வெற்றி மருந்தில், மீதி வெற்றி துப்புரவில். ஒட்டுண்ணி எச்சத்தோடு வெளியே வந்து, அதை ஓணான் நக்கினால் மறுபடி உள்ளே போய்விடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது எளிதில் மசியாது. கொதிநீரும் நீராவியும் வேண்டும். மணலையும் மரக்கிளைகளையும் வெளியே எடுத்தார்கள். தரையில் வெறும் காகிதம், அதுவும் தினமும் புதியது. அண்ணன் நீராவிக் கருவியோடு பெட்டியின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்துவிட்டார். பிஸ்கட்டைத் தொட்ட ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் சோப்புக் கைகழுவல். ஓணானின் உடம்பில் இருக்கிற சால்மொனெல்லா மனிதருக்கு ஆகாது.

அந்த ஆண்டு உறக்கம் அத்தோடு ரத்து. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை! வீட்டில் வளர்கிற தாடி ஓணான் ஒரு குளிர்காலம் உறங்காமல் போனால் குறைந்துவிடாது. நோயோடு உறங்கினால்தான் ஆபத்து.

பசி வந்தாச்சு!

நான் ஊர் திரும்பிய பிறகு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் பிஸ்கட், விளக்கின் கீழே தாடியை விரித்துக்கொண்டு! மறுசோதனையில் எச்சம் சுத்தம். எடை ஏறுகிறது. கரப்பானைக் கண்டதும் நாக்கு நீள்கிறது. புறஊதா விளக்கையும் புதிதாக மாற்றிவிட்டார்கள். வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் உள்ளே புறஊதாக் கதிர் மாதங்கள் போகப்போகத் தேய்ந்துவிடும், அது குறைந்தால் எலும்புக்குக் கால்சியம் சேராது. அடுத்த இலையுதிர் காலத்துக்கான பக்கம் நோட்டில் இப்போதே தயார்: எச்சச் சோதனை, இடைவெளி விட்டு இரண்டு முறை.

தாடி ஓணான் வளர்க்க ஆசையாக இருக்கிறது என்று யார் என்னிடம் சொன்னாலும், நான் துள்ளிக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “உங்க ஊர்ல ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாருங்க?” பதில் கையில் இருக்கிறதா? அருமை! அடுத்து ஒரு சமையலறைத் தராசும் கோடு போட்ட நோட்டும் வாங்கிவிடுங்கள். கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.