வீட்டில் ஒரு பிள்ளை, பள்ளியில் வேறு பிள்ளையா?

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கைக்கு வரும் நாட்களில் குழந்தைகள் மனநலப் பிரிவுகளில் கூட்டம் கூடிவிடும். 'இனி எங்களால் சமாளிக்க முடியாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பள்ளி சொன்ன பிறகே பலரும் கிளம்பி வருகிறார்கள். பிள்ளைக்கு எட்டு வயதோ பத்து வயதோ ஆகியிருக்கும். எப்போதிருந்து இப்படி என்று கேட்டால், எல்.கே.ஜி.யிலேயே மிஸ் சொன்னதாகப் பதில் வரும். அப்படியானால் நடுவில் ஐந்தாறு ஆண்டுகள் எங்கே போயின? டியூஷன் மாறியிருக்கும், பள்ளி மாறியிருக்கும், கையில் கயிறு ஏறியிருக்கும். பிள்ளைக்கு என்ன சிரமம் என்று முறையாக மதிப்பிடுவது மட்டும் நடந்திருக்காது.

இந்தத் தாமதத்துக்குப் பெற்றோரின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அக்கறையுள்ள வீடுகளிலும் இதுவே நடக்கிறது. 'வீட்ல தங்கமான பிள்ளை, ஸ்கூல்லதான் குறை சொல்றாங்க' என்கிறார் அம்மா. 'வீட்டில் கண்டிப்பே இல்லை' என்கிறார் ஆசிரியர். இருவரில் ஒருவர் பொய் சொல்வதாக எடுத்துக்கொண்டு, யார் என்று தீர்ப்பதிலேயே ஆண்டுகள் கழிகின்றன. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். குழந்தையின் சமூக, உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை மதிப்பிடும் வேலையை அந்த முரண்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முரண்பாடே முதல் தடயம்

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் சக ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரே குழந்தையைப் பற்றி இருவர் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது கேள்வி. முழுதும் ஒத்துப்போனால் 1, ஒட்டுறவே இல்லையென்றால் 0. தாயும் தந்தையும் போல ஒரே சூழலில் பார்ப்பவர்களிடையே அது சராசரியாக 0.60 இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு சூழலில் பார்ப்பவர்களிடையே 0.28தான். குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் 0.22 அளவுக்கே பொருந்தின. ஆகவே வீடும் பள்ளியும் ஒத்துப்போகாததில் வியப்பே இல்லை.

நாற்பது பேர் நடுவே நாற்பது நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லும் இடம் பள்ளி. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத இடம் வீடு. வீட்டில் ஓயாமல் பேசும் சிறுமி, பதற்றத்தால் பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். பகல் முழுதும் அடக்கிக்கொண்டிருந்த பையன் மாலையில் அம்மாவிடம் வெடிக்கலாம். சிக்கல் பள்ளியில் மட்டும் தெரிகிறதென்றால் கற்றல் குறைபாடு, பார்வைக் கோளாறு, சக மாணவர்களின் கேலி, ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் மீதான பயம் ஆகியவற்றைத் தேட வேண்டும். வீட்டில் மட்டும் தெரிந்தால் அப்பாவின் குடி, பெற்றோர் சண்டை, புதிதாகப் பிறந்த தம்பி என்று விசாரணை வேறு திசையில் போகும். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், இரண்டு சூழல்களிலாவது தென்பட வேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான்.

மூன்றாவது சாட்சி, குழந்தை. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பொருளை உடைத்தால் ஊருக்கே தெரிகிறது. உள்ளுக்குள் உடைந்தால் தெரிவதில்லை. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதுண்டு. அதை வீடு 'திமிர்' என்று படிக்கிறது. கடைசி பெஞ்சில் கனவு கண்டபடி உட்கார்ந்திருக்கும் பெண்குழந்தைக்கும் கவனக்குறைவு இருக்கலாம். தொந்தரவு தராததால் அவளைப் பற்றிப் புகாரே வராது.

மதிப்பெண் தீர்ப்பாகாது

ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. தமிழிலும் கிடைக்கிறது. அதில் 25 வாக்கியங்கள். உணர்ச்சி, நடத்தை, துடிப்பும் கவனமும், சக குழந்தைகளுடனான உறவு, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பகுதிகள். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயது நிரம்பிய பிள்ளை தானே நிரப்ப ஒன்று. நல்ல கருவிதான். ஆனால் தெர்மாமீட்டர் காய்ச்சல் இருப்பதைச் சொல்லும், டெங்குவா டைபாய்டா என்று சொல்லாது. வினாத்தாளும் அப்படியே. இதன் விரிவான படிவத்தில், இந்தச் சிரமம் குழந்தையை எவ்வளவு வருத்துகிறது, வீட்டு வாழ்க்கை, நட்பு, படிப்பு, ஓய்வுநேரம் எதைக் கெடுக்கிறது என்றும் கேட்கப்படும். மொத்த மதிப்பெண்ணை விட மருத்துவருக்கு முக்கியம் இந்தப் பதில்கள்தான். கைப்பேசியில் பத்துக் கேள்விக்குப் பதில் தட்டிவிட்டு 'என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. 80 சதவீதம்' என்று வருபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவசரத் தீர்ப்பு எவ்வளவு பிசகும் என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சான்று உண்டு. அங்கே டிசம்பர் 31தான் பள்ளிச் சேர்க்கைக்கான வயது வரம்பு. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், டிசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்படும் வாய்ப்பு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிறுமியரில் 70 சதவீதம். வகுப்பிலேயே சின்னப் பிள்ளையின் வயதுக்குரிய சிறுபிள்ளைத்தனம் நோயாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டரை வயதிலேயே பிரீ கேஜியில் சேர்த்துவிட்டு, 'ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான்' என்று புகார் சொல்லும் நம் ஊர், இந்த ஆய்வை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

காலத்தைத் தின்னும் நம்பிக்கைகள்

'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்.' தாமதமாகப் பேசி, பின்னர் சரியாகிவிடும் குழந்தைகள் உண்டு என்பது உண்மைதான். எந்தக் குழந்தை சரியாகும் என்பதைப் பாட்டியாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, டாட்டா காட்டாதது, ஒன்றரை வயதாகியும் ஒற்றைச் சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது ஆகியவை மருத்துவரிடம் காட்டி விசாரிக்க வேண்டிய அறிகுறிகள். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். தானாகச் சரியாகியிருக்கக்கூடிய குழந்தையை மதிப்பிட்டால் ஒரு காலைப்பொழுது வீண். சரியாகாத குழந்தையை மதிப்பிடாமல் விட்டால் போவது மொழி வளரும் ஆண்டுகள்.

'அம்மா வேலைக்குப் போறா, அதான் பிள்ளை இப்படி.' அன்பில்லாத தாய்மார்களால் ஆட்டிசம் வருகிறது என்ற கொள்கை கடந்த நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களிடையேயும் செல்வாக்கோடு இருந்தது. அது தவறென்று கைவிடப்பட்டுவிட்டது. நம் கூட்டுக் குடும்பங்கள்தான் இன்னும் கைவிடவில்லை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வீட்டில், அவள் கவனித்ததை வெளியே சொல்லவே பயப்படுகிறாள். மதிப்பீட்டுக்கு முதலில் வேண்டியது அவள் வாய்மொழிதான்.

'நாலு சாத்து சாத்தினா எல்லாம் சரியாயிடும்.' மறதியையும் படபடப்பையும் அடி திருத்தாது. அடிக்கப்படும் குழந்தையிடம் மூர்க்கம் கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 'வீட்ல அடிக்க முடியல, நீங்களாவது ரெண்டு போடுங்க சார்' என்று ஆசிரியரிடம் சொல்லும் பெற்றோர், சட்டத்தை மீறச் சொல்கிறோம் என்பதை உணர வேண்டும்.

'எல்லாம் இந்தப் போனால வந்தது.' இது பாதி உண்மை. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனால் நண்பர்களே இல்லாத பிள்ளைதான் போனுக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். போனைப் பிடுங்கிவிட்டு 'ஆறு மாசம் பார்ப்போம்' என்று இருந்துவிடுவது தாமதத்தின் புதிய வடிவம்.

'சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை?' தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது. நிதானமாகக் கேட்பது பிள்ளையின் பாரத்தை இறக்கும்.

கைவைத்தியம் செய்யும் கேடு

பேச்சு வருவதற்கென்று நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள். பேச்சு மூளையிலும் காதிலும் தொடங்குகிறது, நாக்கின் தடிப்பில் இல்லை. வசம்பில் உள்ள வேதிப்பொருள் கருதி அமெரிக்கா அதை 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஒரு வயதுக்குள் தேன் தடவினால் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். அடம் தீர சூடு போடுவதை வைத்தியம் என்றே சொல்லக் கூடாது, அது வன்கொடுமை. 'மூளை வளர' என்று பொட்டலத்தில் விற்கும் பெயரில்லாப் பொடியில் ஈயமோ பாதரசமோ இருந்தால் குழந்தையின் அறிவையே அது கெடுக்கும். சாதுவாகத் தூங்கட்டும் என்று சளி சிரப் ஊற்றுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மாத்திரையை வாங்கிப் போடுவது எல்லாம் அன்றாடம் நடக்கின்றன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கறக்கும் இடங்களும் உண்டு. அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. காய்ச்சலுக்குக்கூட மருத்துவரைக் கேட்கும் குடும்பம், மூளை விஷயத்தில் மட்டும் ஏன் இப்படித் துணிகிறது?

பரிசோதனைகள்

முறையான மதிப்பீட்டுக்கு வேண்டிய பரிசோதனைகள் கொஞ்சம்தான்: காது, கண், தேவைப்பட்டால் ரத்தசோகை, தைராய்டு. வலிப்பு என்ற சந்தேகம் இருந்தால் இ.இ.ஜி. மற்றதெல்லாம் பேச்சும் கவனிப்பும்தான். ஸ்கேனில் அடம் தெரியாது.

'முத்திரை விழுந்துவிடாதா?'

இந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 'வாலு', 'மக்கு', 'உருப்படாதவன்' என்ற முத்திரைகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. மதிப்பீடு செய்வது அவற்றை அழிக்கும் வேலை. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்குகின்றன. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்றவற்றுக்குச் சான்றிதழ் வழி திறக்கும். பெயர் வைக்கவே தேவையில்லாமல், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகளோடு முடியும் மதிப்பீடுகளும் உண்டு.

டாக்டர்கள் எதையெடுத்தாலும் நோய் என்பார்கள் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கனடா ஆய்வு காட்டுவதும் அதுதான். அதற்குப் பரிகாரம், மதிப்பீட்டை முறையாகச் செய்யச் சொல்லிக் கேட்பது. பள்ளியைக் கேட்காமல், குழந்தையிடம் தனியாகப் பேசாமல், பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தயவுசெய்து காத்திருக்காதீர்கள்

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். மேல்நடவடிக்கைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும் இருக்கின்றன. டெலி மானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098.

வருவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: அடம் பிடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பிடித்தபின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது, எத்தனை மணிக்குத் தூங்கியது. பள்ளி நோட்டுகளையும் ஆசிரியர் எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டுவாருங்கள். அப்பாக்களே, ஒரு நாள் லீவு போட்டு நீங்களும் வாருங்கள். 'ஊசி போட மாட்டாங்க, பேசுவாங்க, விளையாடுவாங்க' என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி அழைத்துவாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, ஒரே வாரத்தில் ஆளே மாறிப்போனாலோ, யாரையாவது கண்டு நடுங்கினாலோ அந்த நோட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள். ஆசிரியர்களே, டி.சி.யைப் பற்றிப் பேசும் முன் நீங்கள் கண்டதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். உங்கள் ஒரு பக்கமும் பெற்றோரின் ஒரு நோட்டும் ஒரே மேசைக்கு வந்தால் போதும். யார் சொல்வது சரி என்ற வழக்கு முடிந்து, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிடும்.