குழந்தைகளின் புலன்சார் விளையாட்டு

குழந்தைகளின் புலன்சார் விளையாட்டு என்பது பிறந்தது முதல் ஏறத்தாழ இரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் தொட்டும், சுவைத்தும், முகர்ந்தும், கேட்டும், பார்த்தும் பொருள்களை அறிந்துகொள்ளும் விளையாட்டு ஆகும். இதற்கு விலை கொடுத்து வாங்கிய பொம்மைகள் தேவையில்லை. கரண்டி, கொட்டாங்குச்சி, துணி, முறம் என வீட்டில் புழங்கும் பொருள்களே போதும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் சான் பியாசே இவ்வயதைப் புலன்-இயக்கப் பருவம் என்றார்.

குழந்தை கற்கும் முறை

நான்கைந்து மாதக் குழந்தை கையில் கிடைப்பதை வாயில் வைக்கும். இது தீய பழக்கம் அன்று. உதடும் நாக்கும் தொடுவுணர்வு மிகுந்தவை. கைவிரல்கள் பழகும் வரை குழந்தை அவற்றைக் கொண்டே பொருளை ஆராய்கிறது. எவர்சில்வர் குவளை குளிர்ந்தும் வழுவழுப்பாகவும் இருக்கும். கொட்டாங்குச்சியோ வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு. நெகிழிப் பொம்மைகள் பலவும் தொடுவதற்கு ஒரே மாதிரி இருப்பதால் இவ்வேறுபாட்டைத் தருவதில்லை. குவளையைத் துணியால் மூடினால், ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் குழந்தை துணியை விலக்கித் தேடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்பதை அது அறிந்துகொண்டதன் அடையாளம் இது.

தமிழ் மரபில்

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பருவங்கள் குழந்தையின் உடலியக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளன. செங்கீரை (5 ஆம் மாதம்) கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து அசைவது. சப்பாணி (9 ஆம் மாதம்) கைகொட்டுவது. கிலுகிலுப்பை, மரப்பாச்சி ஆகியவையும் இவ்வகை விளையாட்டுக்கு உரியவையே.

புதையல் கூடை

இங்கிலாந்தைச் சேர்ந்த எலினோர் கோல்ட்சுமீடு (1910–2009) இவ்விளையாட்டுக்கு ஓர் எளிய வடிவம் தந்தார். ஏறத்தாழ 35 செ.மீ. விட்டமுள்ள தாழ்வான கூடையில் மரம், உலோகம், துணி முதலியவற்றாலான பொருள்கள் இடப்படும். உட்காரப் பழகிய, இன்னும் தவழாத குழந்தை தானே எடுத்து ஆராயும். பெரியவர் அருகில் பேசாமல் அமர்ந்திருப்பார். பலருக்கும் கடினமாக இருப்பது இந்தப் பேசாமல் இருத்தல்தான்.

இந்தியாவில் 1975 இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் நெடுங்காலம் ஊட்டத்துக்கும் மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பள்ளிக் கல்விக்கும் முதன்மை தந்தது. மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுக்கு 'நவசேதனா' என்னும் தேசியச் சட்டகம் 2024 இல் வெளியிடப்பட்டது.

இடர்கள்

2021 சனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயம். வீட்டுப் பொருள்களுக்கு அத்தகைய சோதனை இல்லை. சோதிக்க வேண்டியவர் பெற்றோரே. 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாயில் நுழையும் எப்பொருளும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும். காப்பியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலையில், செம்மநத்தம் போன்ற ஊர்களில், காயவைத்த காப்பிக்கொட்டையும் மிளகும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடியவை. சமவெளியில் அந்த இடம் வேர்க்கடலைக்கும் புளியங்கொட்டைக்கும் உரியது. தட்டில் அரிசி, கேழ்வரகு பரப்பி விளையாட விடுவதும் வாயில் வைக்கும் வயதினருக்கு ஏற்றதன்று. குழைந்த சோறும் ஆறிய களியும் அதே பிசைதல் அனுபவத்தைத் தரும். கோலப்பொடி நுரையீரலுக்குத் தீங்கு. சில செ.மீ. ஆழமுள்ள நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சடைத்து, அழவோ இருமவோ இயலாவிட்டால், தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டவேண்டும். பொருள் வெளிவராவிடில் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்தவேண்டும். பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்யவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே செல்லும். உடனிருப்பவர் 108 ஐ அழைக்கவேண்டும்.